அடுத்தவர் பக்கத்தில் எழுதியது

"தும்பி, நீங்க எந்த ஊருங்க? அதைக் கேட்டா மட்டும் பறந்து போயிடறீங்களே?"

இப்படி என்னை ஒருமுறை கேட்டவர் தென்னங்கீத்து. அது அவருடைய உண்மைப் பெயர் அல்ல. தும்பி என்பதும் என்னுடையது அல்ல. 1999இல் இணையத்தில் ஆளுக்கொரு இலவசப் பக்கம் வைத்துக்கொண்டு, ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து, அன்றன்று நடந்ததை எழுதிக்கொண்டிருந்தோம். கிணத்துக்கடவிலிருந்து தென்னங்கீத்து, பெருந்துறையிலிருந்து டாக்டருக்குப் படிக்கும் ஒரு பெண், மலேசியாவிலிருந்து கிள்ளான்காரர், பிறகு நான். ஒருவர் எழுதினால் மற்றவர்கள் அடியில் ஏதாவது எழுதியே ஆகவேண்டும். எழுதாவிட்டால் தேடுவார்கள். "தும்பியைக் காணோமே, இறக்கை நனைஞ்சு போச்சா?" என்பார் கிள்ளான்காரர். பத்தாவதோடு பள்ளியை விட்ட பிறகு என்னை யாரும் தேடியதில்லை.

பெரியநாயக்கன்பாளையத்தில் சாஜிதாக்காவின் எஸ்டிடி பூத்தில் எனக்கு வேலை. மூலையில் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. மத்தியானம் ஆள் வராத நேரத்தில் அதில் உட்கார விடுவார்.

அந்த ஐப்பசியில் எழுதக்கூடாததை எழுதினேன். என் அக்காவை மாமா அடிப்பதை. டிவியைச் சத்தமாக வைத்துவிட்டு, பெல்ட்டைக் கழற்றி அடிப்பதை. வெளியே தெரிந்தால் அவளை உயிரோடு விடமாட்டார் என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அதனால் பெயர் போடவில்லை. ஊரும் போடவில்லை. மாமா என்று மட்டும் எழுதினேன்.

மறுநாள் திறந்தால், அடியில் எல்லோரும் வந்திருந்தார்கள். அழுதுகொண்டே எழுதுவதாகக் கிள்ளான்காரர். தழும்புக்கு என்ன போடலாம் என்று டாக்டர் பெண். கடைசியில் தென்னங்கீத்து: "உங்க ஊர் எனக்குத் தெரிஞ்சுபோச்சுங்க. வெள்ளிக்கிழமை வாரேன். பயப்படாதீங்க."

என் பக்கத்தை முதலிலிருந்து படித்தேன். ஊரைக் காட்டும் ஒரு சொல் இல்லை. பிறகு அவருடைய பக்கத்தைத் திறந்தேன். ரயில் பயணம் பற்றி அவர் எழுதியதன் அடியில் நான்: "மேட்டுப்பாளையம் ரயில் போனா எங்க பூத்துக் கண்ணாடி நடுங்குமுங்க." கிள்ளான்காரரின் மழைக்கு அடியில்: "இங்கே குருடிமலை மேல மேகம் இறங்கிருச்சுங்க." டாக்டர் பெண் பசி என்று எழுதிய இடத்தில்: "சாஜிதாக்கா வாங்கித் தந்த பப்ஸ் இருக்கு, வாரீங்களா?"

என் பக்கத்தில் பூட்டி வைத்ததையெல்லாம் அடுத்தவர் பக்கத்தில் வாரி இறைத்திருக்கிறேன். அங்கே எழுதும்போது எழுதுவதாகவே தோன்றியதில்லை. பேசுவதாகத்தான் இருந்தது.

வராதீங்க என்று அடிப்பதற்குள் இன்டர்நெட் லைன் போய்விட்டது. வெள்ளிக்கிழமை வரை திரும்பவே இல்லை. மோடம் கீச்சிட்டுக் கீச்சிட்டு அடங்கியது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மாமா வந்தார். லேத் பட்டறை வைத்திருக்கிற மோகன்குமார் என்றால் அந்த வீதியில் எல்லோருக்கும் மரியாதை. வெளியூர் பார்ட்டிகளிடம் பேச எங்கள் பூத்துக்குத்தான் வருவார்.

"ஏனுங்க சாஜிதாம்மா, உங்க மீட்டர் எம்பட மோட்டாரைக் காட்டிலும் வேகமா ஓடுதுங்களே?"

"நீங்க பேசற பேச்சுக்கு அது படுத்தா தூங்கும்?" சாஜிதாக்கா சிரித்தார். இப்படி ஒரு மாப்பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்.

எனக்கு வாசலிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. ஒவ்வொரு பஸ் நிற்கும்போதும் யார் இறங்குகிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். மாமா சீக்கிரம் பேசிவிட்டுப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவரோ நம்பர் கிடைக்காமல் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

நனைந்த குடையோடு ஒரு பெண் படியேறினார். நாற்பது வயதிருக்கும்.

"ஏனுங்க, சாஜிதாக்கா பூத்து இதுதானுங்களா?" கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்து முகம் மலர்ந்தார். "கண்ணு, தும்பி நீங்கதானுங்களே?"

"அதென்ன தும்பி?" மாமா நிமிர்ந்தார். "அம்மணிக்கு நமக்குத் தெரியாத பேரெல்லாம் இருக்குதாட்ட. எங்கிருந்துங்க வாரீங்க?"

"கிணத்துக்கடவுங்க."

"அத்தனை தொலைவிருந்து எங்க அம்மணியப் பாக்கவா? ஏனுங்க, என்ன சமாச்சாரம்?"

பெண் வாயைத் திறந்தார். அடுத்த சொல்லில் என் அக்காவின் உயிர் இருந்தது.

"மாமா," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சத்தமாகச் சொன்னேன். "மாமா, இவங்க ஆருன்னே எனக்குத் தெரியாதுங்க."

அந்தப் பெண்ணின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார். மெதுவாகத் திரும்பி மாமாவைப் பார்த்தார். அவர் இடுப்பிலிருந்த பெல்ட்டைப் பார்த்தார்.

"அப்ப ஆரத் தேடி வந்தீங்க?" மாமா விடவில்லை. "சொல்லுங்க, நாங்களே கொண்டு போய் உடறமுங்க."

எங்களில் நீளமாக எழுதுகிறவர் தென்னங்கீத்துதான். ஒரு வரிக்கு ஒரு பக்கம் பதில் போடுவார். மடக்கிய குடையை மறுபடி விரித்தார். ஒரு வார்த்தை சொல்லாமல் படியிறங்கி மழைக்குள் நடந்தார்.