கெத்தரின் டீச்சர் தமிழில் சொன்ன வரி

எல்கடுவ தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அன்று போர்வீரர்களைக் கௌரவிக்கும் கூட்டம். கொழும்பிலிருந்து வந்த பிரமுகர் சிங்களத்தில் பேசப் பேச, கெத்தரின் டீச்சர் மைக்கில் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா சிங்களவர், அம்மா தோட்டத்துத் தமிழ். அவளுக்கு இரண்டு பாஷையும் ஒன்றுதான். பொன்னாடைக்காக மேடையில் உட்கார்ந்திருந்தவர்களில் அவள் அண்ணன் ரொஹானும் ஒருவன். கடைசிச் சண்டையில் வன்னியில் பீரங்கி அடித்தவன்.

“நம்முடைய படை ஒரு பொதுமகனுக்கும் தீங்கு செய்யவில்லை” என்றார் பிரமுகர்.

கெத்தரின் அதைத் தடங்கலில்லாமல் தமிழில் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் சுரேகா கண்ணில் பட்டாள். வன்னியில் புதுக்குடியிருப்பிலிருந்து மாற்றலாகி வந்த கணக்கு டீச்சர். ‘இங்கே சுடமாட்டோம்’ என்று அரசாங்கம் அறிவித்த இடத்தில் ஷெல் விழுந்து, சிறுவயதில் அம்மாவைப் பறிகொடுத்தவள். அவள் கெத்தரினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கெத்தரினுக்கு முகம் எரிந்தது. அந்த வரி பொய்யென்று அவளுக்குத் தெரியும். சண்டை முடிந்து லீவில் வந்த ரொஹான் சோற்றுத் தட்டின் முன்னால் தங்கையைப் பார்த்து அழுதுகொண்டே சொன்னதுதான்: “சனம் இருக்குன்னு தெரியும் நங்கி. தெரிஞ்சுதான் அடிச்சோம்.” வீட்டில் அதற்கப்புறம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

“இந்த நாடு வெட்கப்பட ஒன்றுமில்லை” என்றார் பிரமுகர்.

மண்டபம் தமிழுக்காகக் காத்திருந்தது.

“அத என்னால சொல்ல முடியாது, சார்” என்றாள், சிங்களத்தில்.

பள்ளிக்கூட அதிபர் பதறி எழுந்தார். பிரமுகர் லேசாகச் சிரித்துவிட்டு, சிங்களத்திலேயே தொடர்ந்தார். அவள் மறுத்ததைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு அங்கே அநேகமாக எல்லோருக்கும் சிங்களம் தெரியும். கெத்தரின் மேடையை விட்டு இறங்கினாள். ரொஹான் தன் முறை வந்ததும் பொன்னாடையை வாங்கிக்கொண்டான்.

கூட்டம் கலைந்ததும் ஆசிரியர் அறைக்குப் போய், “மன்னிச்சிரு சுரேகா” என்றாள்.

“ரெண்டாவதை நீங்கள் சொல்லேல்ல டீச்சர். முதலாவதைச் சொல்லிப்போட்டீங்கள். என்ர அம்மாவைப் பற்றினது அதுதான்.”

கெத்தரின் வெளியே வந்தாள்.

வாசலில் ரொஹான் தன் த்ரீவீலரோடு நின்றிருந்தான். “ஏறு நங்கி.”

“சுரேகா உள்ள இருக்கா. அன்னைக்கு எங்ககிட்ட சொன்னத அவகிட்ட வந்து சொல்லுங்க அண்ணே.”

“சொன்னா அவங்க அம்மா வந்திருவாங்களா?”

“வர மாட்டாங்க. ஆனா ஒண்ணுமே நடக்கலன்னு நான் மைக்ல சொல்லியிருக்கேனே.”

ரொஹான் பள்ளிக்கூடத்தைப் பார்த்தான். அப்புறம் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். கெத்தரின் தேயிலைக்கு நடுவே தனியாக நடந்தாள். எதிரே வந்தவர்கள் யாரையும் அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.