பல்கனியில் தொங்கிய ஏழரை

பலெர்மோ நகரின் போர்கோ வெக்கியோவில், பத்மநாதன் மாஸ்டரின் இரண்டாம் மாடிப் பல்கனியில், காயப்போட்ட படுக்கை விரிப்புக்கும் அயல்வீட்டுக்காரியின் உள்பாவாடைக்கும் நடுவே அவருடைய மாணவி சுலக்சனா சிரித்துக்கொண்டிருந்தாள். பதாகையில்தான். படத்துக்குக் கீழே ஓர் எண், படத்தை விடப் பெரிதாக: 7.5. அதற்கும் கீழே, "ஆங்கில எழுத்துப் பரீட்சையில் பலெர்மோவின் பெருமை."

எல்லாம் சரி. பரீட்சை முடிவுதான் இன்னும் வந்திருக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் ரியூசன் நடத்துகிறவர்கள் முடிவு வந்த கையோடு சந்திக்குச் சந்தி பிள்ளைகளின் படத்தைக் கட்டிவிடுவார்கள். காலையில் ஓர் இத்தாலியச் சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டைத் துடைத்து, பின்னேரத்தில் ஆங்கிலம் படிப்பிக்கும் மாஸ்டர் அந்த வழக்கத்தைக் கடல் தாண்டிக் கொண்டுவந்ததோடு நிற்காமல், கொஞ்சம் முன்னேற்றியும் விட்டார். புது வகுப்புக்கு ஆள் சேர்க்கும் காலம் முடிவுக்காகக் காத்திருக்குமா? ஆகவே முதலில் பதாகை, பிறகு முடிவு.

சிசிலிக்காரருக்கு இந்த நுணுக்கமெல்லாம் தெரியாது. சிரிக்கிற முகம், பெரிய எண், பல்கனி என்றால் அவர்களுக்குத் தேர்தல்தான். மீன்காரர் தொத்தோ சாளை நிறுத்துக்கொண்டிருந்த கையை நீட்டி அவளைச் சந்தையில் மறித்தார்.

"எந்தக் கட்சி? சரி, ஏதோ ஒண்டு. மழை பெய்தால் இந்தத் தெருவிலை நிக்கிற தண்ணிக்கு ஒரு வழி செய்வியோ? செய்தால் எங்கடை வீட்டு வோட்டு முழுக்க உனக்கு."

"செய்யிறன்," என்றாள் சுலக்சனா.

அவள் பொய் சொல்லவில்லை. ஒல்லாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் நீர்ப் பொறியியல் படிக்கத்தான் விண்ணப்பித்திருந்தாள். அதற்காகத்தான் அந்த ஆங்கிலப் பரீட்சையே.

முடிவு வந்தது. கேட்டல், வாசிப்பு, பேச்சு மூன்றிலும் குறைசொல்ல இடமில்லை. மொத்தம் ஒன்பதுக்கு ஏழு. எழுத்தில் மட்டும் ஐந்தரை.

காரணம் அவளுக்குத் தெரியும். எந்தத் தலைப்பு வந்தாலும் எழுதச் சொல்லி மாஸ்டர் எல்லாருக்கும் ஒரே தொடக்கத்தைப் பாடமாக்கக் கொடுத்திருந்தார்: "இந்த நவீன யுகத்தில் இவ்விடயத்துக்கு இரண்டு பக்கங்கள் உண்டு." இணையமா, இரண்டு பக்கம். யானையா, அதற்கும் இரண்டு பக்கம். ஆனால் பரீட்சையில் கேட்டிருந்தது, புள்ளிகள் ஒருவரின் தகுதியைக் காட்டுமா என்று. அந்த விடயத்தில் சுலக்சனாவிடம் ஒரு பக்கம்தான் இருந்தது. "காட்டாது" என்று தொடங்கினாள். கோபம் தீருமுன் நேரம் தீர்ந்துவிட்டது.

அன்று பின்னேரமே மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். தாய் செல்வமலர் தேத்தண்ணி வைத்தாள். இழவு வீட்டுக்கு வந்தவர் போல அதை மெல்லக் குடித்துவிட்டு அவர் தீர்ப்புச் சொன்னார்.

"பனரைக் கழட்ட ஏலாது, தங்கச்சி. கழட்டினால் சனம் என்ன கதைக்கும்? புள்ளியைத்தான் மாத்தவேணும். வியாழக்கிழமை பத்து மணிக்குத் திரும்பச் சோதினை. நான் பதிஞ்சிட்டன்."

"வியாழன் பத்து மணிக்குத்தான் எனக்கு ஒல்லாந்துக்காரரோடை போனிலை நேர்முகம், சேர். அதுதான் கடைசி நாள்."

"இதை விட்டால் அடுத்த மாசம்தான்."

"நேர்முகத்தை விட்டால் இடமே இல்லை."

"ஐந்தரையோடை போனால் மட்டும் இடம் வைச்சுக்கொண்டு நிக்கினமோ?"

செல்வமலர் தலையில் கைவைத்தாள். "ஏழரை எண்டு கட்டேக்கையே நினைச்சனான், சனியன் எங்களைத்தான் பாக்கிறான் எண்டு. இந்த ஊர்ப் புனிதை சாந்தா ரொசாலியாவுக்கு வெறுங்காலோடை மலை ஏறுறன் எண்டு நேர்ந்தும் போட்டன்."

"அந்த மனுசி புள்ளி பாத்தே அம்மா வரம் குடுக்கிறவ?"

"வாயைப் பார்! இந்த வாயை எழுத்திலை காட்டியிருக்கலாமே?"

"காட்டினபடியால்தான் ஐந்தரை."

சுலக்சனா கைபேசியை மேசை நடுவே வைத்தாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஒலிபெருக்கியைப் போட்டு, பல்கலைக்கழக அனுமதி அலுவலகத்துக்கே அழைத்தாள். எழுத்துப் புள்ளி எவ்வளவு முக்கியம் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். மறுபக்கத்துப் பெண் நிதானமாகச் சொன்னாள்: மொத்தத்தைத்தான் பார்ப்போம், எழுத்தைத் தனியே பார்ப்பதில்லை, நேர்முகத்துக்கு மட்டும் வராமல் இருந்துவிடாதீர்கள். சுலக்சனா அதைத் தமிழில் தாய்க்குச் சொன்னாள்.

மாஸ்டர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"புதுப் பிள்ளை போலை. குரலிலை தெரியுது."

"அது அனுமதி அலுவலகம், சேர்."

"அனுமதியைப் பற்றி அவைக்கு என்ன தெரியும்? எத்தினை வருசமாய் நான் பிள்ளையளை அனுப்புறன்!"

செல்வமலர் கைபேசியைப் பார்த்தாள். மாஸ்டரைப் பார்த்தாள். பல்கலைக்கழகத்தை அவள் ஒருநாளும் கண்டதில்லை. மாஸ்டரைக் கண்டிருக்கிறாள்.

"சேர் சொல்லுறபடி செய், பிள்ளை," என்றாள்.

வியாழக்கிழமை அவள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு மகளைக் கையில் பிடித்தபடி பரீட்சை நிலையத்துக்குக் கூட்டிவந்தாள். பிடியை விட்டால் பிள்ளை ஒல்லாந்துக்கு ஓடிவிடுவாள் என்பது போல. வாசலில் மாஸ்டர் புதிதாய்ச் சீவிய பென்சில்களோடு நின்றார். பரீட்சை கணினியில்தான் நடக்கும். இருந்தாலும் சீவியிருந்தார்.

படிக்கட்டில் சுலக்சனா நின்றுவிட்டாள்.

"நான் உள்ளை போகேல்லை."

"என்னடி சொல்லுறாய்?"

"போகேல்லை, அம்மா. ஆரும் பாக்காத புள்ளிக்காக, என்னைப் பாக்க இருக்கிற ஆக்களை விட ஏலாது."

"விசர்க்கதை கதையாதை. கதவைப் பூட்டப் போறாங்கள்!" என்றார் மாஸ்டர்.

"பூட்டட்டும் சேர். நீங்கள் வேணுமெண்டால் போய் எழுதுங்கோ. பென்சில் இருக்குத்தானே."

தாயின் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டு அவள் படியில் அமர்ந்தாள். கைபேசியைப் பூச்சாடியில் சாய்த்து வைத்தாள். மணி பத்து. திரையில் ஒரு நரைத்தலை மனிதரும் ஓர் இளம்பெண்ணும் தோன்றினார்கள். ஏன் நீர்ப் பொறியியல் என்று கேட்டார்கள்.

அவள் போர்கோ வெக்கியோவைச் சொன்னாள். மழை வந்தால் மீன்பெட்டிகள் மிதப்பதை, தொத்தோ தும்புத்தடித் துடைப்பத்தோடு தன் இறாலைத் துரத்திக்கொண்டு ஓடுவதை, சாக்கடை மூடி எந்த இடத்தில் ஏன் அடைபடுகிறது என்பதை. கை ஆடியது, தலை ஆடியது. பாதி யாழ்ப்பாணம், பாதி சிசிலி, எல்லாம் ஆங்கிலத்தில். அந்த இளம்பெண் எதையோ எழுதத் தொடங்கினாள்.

மாஸ்டரால் பொறுக்க முடியவில்லை. "சுலக்சனா! ரெண்டு பக்கமும் சொல்லு!"

"உஸ்ஸ்!" என்றாள் செல்வமலர். "பிள்ளை கதைக்கிறாளெல்லே?"

பலெர்மோவில் மாஸ்டரைப் பார்த்து அதுவரை ஒருவரும் "உஸ்" என்றதில்லை. அவர் பென்சில்களைச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

கடைசியில் நரைத்தலை மனிதர் கண்ணாடியைக் கழற்றினார். எங்கள் கணக்கில் இது வராது, சும்மா கேட்கிறேன் என்றார். மற்ற மூன்றும் இவ்வளவு நன்றாக இருக்க, எழுத்து மட்டும் ஏன் இப்படி?

மாஸ்டரின் முகத்தில் விளக்கெரிந்தது. சுலக்சனாவிடம் சாக்குகள் இருந்தன. காய்ச்சல் என்று சொல்லலாம். கணினி பழுது என்று சொல்லலாம்.

"இரண்டு பக்கம் எழுதவேண்டும் என்று சொல்லித் தந்தார்கள்," என்றாள். "என்னிடம் ஒன்றுதான் இருந்தது. இப்போதும் ஒன்றுதான் இருக்கிறது."

திரையில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்து முடித்துவிட்டு, செப்டெம்பரில் சந்திப்போம், இடம் உங்களுக்குத்தான் என்றார் அந்த மனிதர். அவள் நன்றி சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால், பிந்தி வருகிறவர்களுக்காக அதுவரை திறந்திருந்த பரீட்சை நிலையக் கதவு பூட்டப்பட்டது.

"என்னவாம்?" என்றாள் செல்வமலர்.

"இடம் தந்திட்டினம், அம்மா."

செல்வமலர் மகளின் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டாள்.

"எழுத்தைப் பற்றிக் கேட்டவை," என்றார் மாஸ்டர். "நான் சொன்னனான்தானே, கேப்பினம் எண்டு?"

"கேட்டுப்போட்டுச் சிரிச்சவை, சேர்."

மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து அதன் கூரைத் தடவிப் பார்த்தார்.

"ஏழரை எடுத்திருந்தால் சிரிச்சிருக்க மாட்டினம்."

"ஓம் சேர்," என்றாள் சுலக்சனா, தாயின் சேலைக்குள்ளிருந்து. "இடமும் தந்திருக்க மாட்டினம்."