நடுக்கோழிக்குக் காய்ச்சல்

நாமகிரிப்பேட்டைக்குக் கிழக்கே சென்னியப்பக் கவுண்டரின் பண்ணையில், செட்டு என்று சொல்லும் நீளக் கொட்டகைகளில், இரண்டாயிரம் கோழிகள் இருந்தன. 1984-ஆம் வருடத்தில் அந்த வட்டாரத்திலேயே நோய்நொடி இல்லாமல் வாழ்ந்த ஜீவன்கள் அவைதான். ஆனாலும் வாரத்தில் இரண்டு நாள், திங்களும் வியாழனும், அத்தனை கோழிகளுக்கும் குடிதண்ணீரில் ஒரு மருந்துப் பொடி கலந்து கொடுத்தாக வேண்டும். நோவு வந்தபிறகு மருந்து தின்றால் அது மனுசன், வராமலே தின்றால் அதுதான் லாபக் கோழி என்று மருந்து விற்க வந்த ஒருவன் சொல்லிவிட்டுப் போயிருந்தான். கவுண்டர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். எங்காவது ஒரு கோழி கொஞ்சம் யோசனையாக நின்றுவிட்டால் போதும், அன்றைக்குச் செவ்வாயாக இருந்தாலும் வியாழனாகிவிடும்.

பீப்பாய்த் தண்ணீரில் பொடியைக் கலக்குவது கருப்பண்ணன் வேலை. முட்டை எடுப்பது அவன் மனைவி உண்ணாமலையின் வேலை. அந்த உண்ணாமலைக்குக் காய்ச்சல் வந்தது. நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஐந்தாம் நாள் கருப்பண்ணன் கவுண்டரிடம் போய் நின்றான்.

"ஏனுங்க, ஊட்டுக்காரிக்கு மேலுக்கு முடியலீங்க. அஞ்சு நாளாக் காச்சலுங்க."

"மொளவுத் தண்ணி வெச்சுக் குடு, தானாப் போயிரும்," என்றார் கவுண்டர். "அது கெடக்குது, ரெண்டாவது செட்டுல ஒரு கோழி கொட்டாவி உட்டுச்சே, பாத்தியா?"

மிளகுத் தண்ணீருக்கு அந்தக் காய்ச்சல் மசியவில்லை. கடையில் வாங்கிய மாத்திரைக்கு வியர்த்ததோடு சரி. பஸ் ஏற மூன்று மைல் நடக்க வேண்டும். உண்ணாமலையால் வாசல்வரைக்குமே நடக்க முடியவில்லை. கவுண்டரிடம் ஒரு அம்பாசடர் கார் இருந்தது. கருப்பண்ணன் அதற்குள் பலமுறை ஏறியிருக்கிறான், கழுவித் துடைப்பதற்காக. அதில் பெண்டாட்டியை ஏற்றிப் போகலாமா என்று கேட்கும் எண்ணம்கூட அவனுக்கு வரவில்லை. அப்படிப்பட்ட எண்ணங்கள் வருகிற தெருவில் அவன் பிறக்கவில்லை.

அவனுக்குத் தெரிந்த மருந்து ஒன்றே ஒன்றுதான். இரண்டாயிரம் உயிரை நிமிர்த்தி வைத்திருக்கிற பொடி ஒரு உயிரைக் காப்பாற்றாதா என்று நினைத்தான். வியாழக்கிழமை பீப்பாயிலிருந்து ஒரு சொம்பு மொண்டு துண்டுக்குள் மறைத்து எடுத்துப்போய் அவளுக்குக் குடிக்கக் கொடுத்தான். முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தாள். இரண்டு நாள் காய்ச்சல் இறங்கியது. உண்ணாமலை எழுந்து கூழ்கூடக் குடித்தாள். போன காய்ச்சல் மூன்றாம் நாள், போனதற்கும் சேர்த்து வட்டி வசூலிக்க வந்தது மாதிரி திரும்பி வந்தது.

கோழிக்கென்று கரைத்த தண்ணீர் ஆளுக்குப் போதவில்லை, பொடியையே கொடுக்க வேண்டும் என்று கருப்பண்ணன் முடிவுகட்டினான். ஆனால் மருந்து அறைச் சாவி கவுண்டரின் அரைஞாண் கயிற்றில் இருந்தது. எந்தச் செட்டு, எத்தனையாவது கூண்டு, எந்தக் கோழி என்று சொல்லாமல் அந்தக் கதவு திறக்காது. ஒரு கூண்டுக்கு மூன்று கோழிகள்.

"மூணாவது செட்டுங்க, எரநூத்திப் பன்னண்டாங் கூண்டு, நடுக்கோழிங்க. நல்ல காச்சலுங்க," என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டான்.

கவுண்டர் பதறிப்போய் ஓடினார். பின்னாலேயே கருப்பண்ணனும் ஓடினான். அந்த நடுக்கோழி பண்ணையிலேயே கொழுத்த கோழி. இரண்டு பக்கத்துக் கோழிகளின் தீவனத்தையும் சேர்த்துத் தின்றுகொண்டிருந்தது. தொலைந்தோம் என்று கருப்பண்ணன் கண்ணை மூடிக்கொண்டான்.

"அடடா!" என்றார் கவுண்டர். "கண்ணு சொருகுது பாரு. கொண்டை வெளுத்துப்போச்சு. மேலெல்லாம் கொதிக்குது. எப்படிடா இத்தன நாளு என் கண்ணுல படாமப் போச்சு?"

கவுண்டரே பொடியை எடுத்து வந்து, அலகைப் பிளந்து, தன் கையாலேயே கோழிக்கு ஊட்டினார். கருப்பண்ணன் கைக்கு ஒரு சிட்டிகைகூட வரவில்லை. மறுநாளும் காய்ச்சல் இறங்கவில்லை என்று சொல்லிப் பார்த்தான். கவுண்டர் கோழியைத் தன் ஆபீஸ் அறைக்குக் கொண்டுபோய், சாக்கு விரித்து, மேசை விசிறியைப் போட்டுவிட்டார். உண்ணாமலை ஓலைக் குடிசையில் புழுங்கிக்கொண்டு கிடந்தாள். கருப்பண்ணனுக்கு அந்தக் கோழியைப் பார்த்தால் ஆத்திரமாகவும் இருந்தது, அதன் காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது.

உண்ணாமலைக்குக் காய்ச்சல் கண்ட பன்னிரண்டாம் நாள் கால்நடை டாக்டர் பச்சமுத்துவை வரவழைத்தார் கவுண்டர். டாக்டர் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். கோழியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோழி அவருடைய பேனா மூடியைக் கொத்தி இழுத்தது.

"எத்தனை நாளா?" என்று கேட்டார்.

"பன்னண்டு நாளுங்க," என்றான் கருப்பண்ணன். வேறு யாரிடமும் சொல்ல முடியாததை ஒரு டாக்டரிடம் சொல்லக் கிடைத்ததே என்று மளமளவென்று சொன்னான். "பொழுதெறங்குனா ஏறுதுங்க. சோறு எறங்குலீங்க. தலையப் பொளக்குதுன்னு அழுவுதுங்க."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "யாரு அழுவுறது?"

"கோழிதானுங்க."

"நம்ம கருப்பனுக்குக் கோழி பேசுறது நல்லாப் புரியும்," என்றார் கவுண்டர் பெருமையாக.

டாக்டர் கோழியைக் கீழே விட்டுவிட்டுக் கருப்பண்ணன் முகத்தையே பார்த்தார். "பொலம்பல் இருக்குதா?"

"இருக்குதுங்க. செத்துப்போன அவங்கம்மாளக் கூப்புட்டுக் கூப்புட்டுப் பேசுதுங்க."

"என்றா சொல்றே?" என்றார் கவுண்டர். "மிசின்ல பொறிச்ச கோழிக்கு அம்மா ஏதுடா?"

"அதாங்க கவுண்டரே எனக்கும் பயமா இருக்கு," என்றார் டாக்டர் முகம் மாறாமல். "மிசின்ல பொறிச்சது அம்மாவத் தேடுதுன்னா காய்ச்சல் மூளைக்கு ஏறிடுச்சு. இனி என் கையில இல்ல. சேலத்துல எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆஸ்பத்திரி இருக்கு. இன்னிக்கே கொண்டு போகணும்."

"என் கார்ல கொண்டுக்கிட்டுப் போங்க!" என்றார் கவுண்டர்.

"போற வழியில கோழிக்குச் சூடு ஆறக் கூடாது. நல்லாச் சூடான உடம்பா ஒரு பொம்பளையாளு மடியில வச்சுக்கிட்டு வரணும்."

கருப்பண்ணன் கையெடுத்துக் கும்பிட்டான். "எம்பொண்டாட்டி ஒடம்பு கொதியாக் கொதிக்குதுங்க."

"அப்பறம் என்னடா நிக்கிறே? அவளத் தூக்கிட்டு வா!" என்று கத்தினார் கவுண்டர்.

இப்படியாக உண்ணாமலை அம்பாசடர் காரில் சேலத்துக்குப் போனாள். மடியில் கோழி. கோழிக்குத்தான் சன்னலோரம். முன்சீட்டில் கருப்பண்ணனும், வண்டி ஓட்ட டாக்டரும். கவுண்டர் கதவைச் சாத்திவிட்டு, குனிந்து, "பத்தரமாப் போயிட்டு வா கண்ணு," என்றார். உண்ணாமலை தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, அந்த மயக்கத்திலும் தலையாட்டினாள்.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா அவளைப் பார்த்ததும் படுக்கையில் சேர்த்துவிட்டார். இரண்டு நாள் ரத்தத்தை எடுத்துச் சோதித்த பிறகு கருப்பண்ணனைக் கூப்பிட்டார்.

"இங்க வர்றதுக்கு முன்னாடி என்ன மருந்து குடுத்தே?"

"கோழிக்குப் போடற மருந்துத் தண்ணிங்க. ஒரு சொம்புங்க."

டாக்டரம்மா அடிக்குரலில் திட்டினார். "வழக்கமாக் குடுக்குற மருந்து எதுவும் இவளுக்குக் கேக்கல. உங்க பண்ணையில தினமும் அந்தத் தண்ணியிலயும் எச்சத்துலயும் புழங்குறா. கிருமி மருந்துக்குப் பழகிப்போச்சு. இப்ப ஒரு புது மாத்திரை குடுக்கிறேன். இதுக்கும் பழகிடுச்சுன்னா என்கிட்ட வேற ஒண்ணும் கிடையாது. புரியுதா? ஒண்ணும் கிடையாது."

மாத்திரை கேட்டது. நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. கோழி ஆஸ்பத்திரிப் பின்கட்டில் வேப்பமரத்தடியில் கட்டிக்கிடந்து நாளுக்கு ஒரு முட்டை இட்டது. அதை வேகவைத்து உண்ணாமலைக்குக் கொடுத்தார்கள். பன்னிரண்டு நாள் கழித்து மூவரும் பண்ணைக்குத் திரும்பினார்கள்.

கவுண்டர் வாசலிலேயே கோழியை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர். "எப்படி மினுங்குது பாரு! ஆஸ்பத்திரிக்குப் போயி இப்படி எந்திரிச்சிருச்சே. என்ன மருந்துடா குடுத்தாங்க?"

"தெரியலீங்க. மருந்துச் சீட்டு எங்கியோ உழுந்துபோச்சுங்க," என்றான் கருப்பண்ணன்.

"எங்கிட்ட இருக்குதுங்க," என்று உண்ணாமலை இடுப்பிலிருந்து சந்தோஷமாக எடுத்து நீட்டினாள். அவள் உயிரைக் காத்த சீட்டு, பத்திரமாக வைத்திருந்தாள். டாக்டரம்மா சொன்னது அவளுக்குத் தெரியாது. பயப்படுவாள் என்று கருப்பண்ணன் சொல்லியிருக்கவில்லை.

ஒரே வாரத்தில் சேலத்திலிருந்து பெட்டி பெட்டியாக அந்த மாத்திரை வந்து இறங்கியது. கூடு போட்ட மாத்திரை என்பதால் ஒவ்வொன்றாக உடைத்துப் பீப்பாயில் கொட்ட வேண்டும். ஆறு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து உடைத்தார்கள். உண்ணாமலையும் உட்கார்ந்தாள். "எனக்குத் தந்தது இதே செவப்புதான்," என்று பக்கத்திலிருந்தவளிடம் பெருமையடித்துக்கொண்டாள்.

கருப்பண்ணனால் தாங்க முடியவில்லை. கவுண்டரிடம் போய், தலையைக் குனிந்துகொண்டு, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான்.

"தப்பு எம்மேலதானுங்க. கோழிக்கு ஒண்ணுமே இல்லீங்க. காச்சல் உண்ணாமலைக்குத்தானுங்க. இந்த மருந்தும் பழகிருச்சுன்னா அவளுக்குக் குடுக்க வேற மருந்தே இல்லைன்னு டாக்டரம்மா சொன்னாங்க. இதக் கோழிக்குப் போட வேண்டாமுங்க, உங்க காலைத் தொட்டுக் கேக்கறேனுங்க."

கவுண்டர் கோபப்படுவார், வேலையைவிட்டுத் துரத்துவார் என்று எதிர்பார்த்தான். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"கோழிக்குக் காச்சல் இல்லியா? கண்ணு சொருகுனதப் பாத்தது நானு. மேலு கொதிச்சதத் தொட்டுப் பாத்தது நானு. எங்கிட்டயே கத உடறியா? ஆஸ்பத்திரிக் காத்து பட்டு உனக்குத்தான் மண்டையில ஏறிருச்சு. போடா, போய்க் கலக்கு. இன்னிக்கு வியாழக்கெழம."

கலக்கினான். வேறு என்ன செய்வான்? தண்ணீர் குழாயில் ஓடியது. இரண்டாயிரம் கோழிகளும் தலையைக் குனிந்து குடித்தன. ஒன்றுக்காவது தாகம்கூட இருந்த மாதிரி தெரியவில்லை. ஆறு வருடமாக அந்தப் பண்ணையில் வேலை செய்கிற கருப்பண்ணனுக்கு அன்றைக்குத்தான் கோழிகளைப் பார்க்கப் பயமாக இருந்தது.

கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவிக்கொண்டு குடிசைக்குப் போனான். உண்ணாமலை அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் நெற்றியில் கையை வைத்தான்.

"என்னத்துக்கு இப்ப? நல்லாத்தான இருக்கறேன்," என்றாள் அவள்.

நெற்றி குளிர்ந்துதான் இருந்தது. "செத்த இரு," என்று சொல்லிவிட்டு, கையை எடுக்காமலே உட்கார்ந்திருந்தான்.