புழு பழுத்த நாள்

அப்பாவை நடுக்கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். மகளோ கொல்லைப்புறக் கொட்டகையில் பட்டுப்புழுக்களைப் பொறுக்கிக் கூடு கட்டும் தட்டுகளில் விட்டுக்கொண்டிருந்தாள்.

பெற்றவர் போன வீட்டில் இது என்ன வேலை என்று கூடத்தில் முணுமுணுத்தது அவள் காதிலும் விழுந்தது. என்ன செய்ய? இரவும் பகலும் இலை தின்று விரல் நீளம் வளர்ந்த புழுக்கள், அன்று விடியும்போது தீனியை விட்டிருந்தன. உடம்பு மஞ்சளாகி, கண்ணாடிபோல் தெளிந்து, தலையைத் தூக்கி இடம் தேடின. பழுத்துவிட்டன. இனி யாருக்காகவும் காத்திருக்காது. இடம் கிடைக்காவிட்டால் நூலைக் கண்டபடி இறைத்துவிட்டுச் செத்துப்போகும்.

அப்பா கடைசியாகக் கேட்டதும் அதைத்தான். மூச்சு வாங்கியபடி, "பழுத்துடுச்சா?" என்றார்.

"பழுத்துடுச்சுப்பா."

அவ்வளவுதான். அவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

டவுனில் தையல் கம்பெனியில் வேலைக்குக் கூப்பிட்டபோதெல்லாம், "இந்த பேட்ச் முடியட்டும்மா" என்பார். முடியும் முன்பே அடுத்த முட்டை வந்துவிடும். கல்யாணப் பேச்சும் இரண்டு பேட்சுக்கு நடுவே அகப்பட்டு நசுங்கிப்போனது. அப்பாவுக்குப் பிறகு போய்விடலாம் என்று ஒருநாள் நினைத்தவள், அப்படி நினைத்ததற்காக அன்று முழுக்கச் சோறு இறங்காமல் கிடந்தாள்.

தம்பி மனைவி வாசலில் வந்து மூக்கைப் பொத்தி நின்றாள்.

"அண்ணி, வண்டி வந்துடுச்சு. இதெல்லாம் பட்டாம்பூச்சி ஆகுமா?"

"வெள்ளையா ஒரு பூச்சி ஆகும். ஆக விடமாட்டாங்க. கூட்டை ஓட்டை போட்டா நூல் வீணாயிடும்ல. அதுக்குள்ள வெந்நீர்ல போட்டுடுவாங்க."

"ஐயோ! ஒண்ணுகூட தப்பிக்காதா?"

"ஒருதரம் அப்பாவுக்குத் தெரியாம ஒரு கூட்டை ஒளிச்சு வெச்சேன். வெளிய வந்துச்சு. படபடன்னு ரெக்கையை அடிச்சுக்கிச்சு, அவ்வளவுதான். இந்த ஜாதிக்குப் பறக்க வராது."

பின்னாலேயே தம்பி வந்தான். அழுது முகம் வீங்கியிருந்தது.

"அக்கா, வீடு, கொட்டகை எல்லாம் உனக்கே. எனக்கு ஒண்ணும் வேணாம். அடுத்த பேட்ச் முட்டைக்கும் இப்பவே போன்ல சொல்லிட்டேன். அப்பா பேரை நீதான் காப்பாத்தணும்."

"தம்பின்னா இப்படி இருக்கணும்" என்றார் பின்னால் நின்ற பெரியப்பா.

"நான் வந்து..." என்று ஆரம்பித்தாள். எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். கையிலிருந்த புழுவைத் தட்டில் விட்டுவிட்டு எழுந்தாள்.

கையைக் கழுவிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். "அழுதுடும்மா, உள்ளயே வெச்சுக்காத" என்றாள் யாரோ ஒருத்தி. அவள் குனிந்தாள். அப்பாவின் சட்டைக் காலரில், எப்படி வந்ததோ, ஒரு பழுத்த புழு ஊர்ந்துகொண்டிருந்தது. யாரும் பார்க்கும்முன் அதை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

அப்பாவை ஏற்றிய வண்டி கிளம்பித் தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றாள். மூடிய கைக்குள் அது தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தது.