படுக்க வைத்த முளைகள்

இருபது வருஷம் லாரியில் சரக்கு ஏற்றி இறக்கி, முதுகு விட்டுப்போன பிறகுதான் அவர் அந்த ஆராய்ச்சிக்கூடத்தைப் பெருக்கித் துடைக்க வந்தார். எழுத்துக் கூட்டப் பழகியதும் நாற்பதுக்கு மேல்தான். அதுவரை அவருக்குத் தெரிந்த ஒரே எழுத்து, அட்டைப்பெட்டியில் இருக்கும் அம்புக்குறி. அம்பு வானத்தைப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

அன்று காலை இருட்டறையின் மங்கலான பச்சை விளக்கில் பார்த்தார். பன்னிரண்டு பெட்டிகள் சாய்ந்து கிடந்தன. உள்ளே விரல் நீள முளைகள். அம்பெல்லாம் சுவரைப் பார்த்திருந்தது. யாரோ தட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள், பாவம் என்று எல்லாவற்றையும் நிமிர்த்தி வைத்தார்.

மூன்று மணி நேரம் கழித்து, தேநீர் குடிக்கும்போது ஆராய்ச்சிக்காரப் பெண் அந்த முளைகளின் கதையைச் சொன்னாள். படுக்கப் போட்டால் மண்ணின் இழுப்பு தண்டுக்குத் தெரிந்துவிடுமாம். அடிப்பக்கத்துச் செல்சுவரை ஒரு என்சைம் இளக்கிக் கொடுக்க, அந்தப் பக்கம் மட்டும் வேகமாக நீண்டு தண்டு மேலே வளையுமாம். மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் தனித்தனியாக அரைத்து அளந்தால் வித்தியாசம் தெரிய வேண்டும். மிச்சமிருக்கும் விதை இன்னும் ஒரே தடவைக்குத்தான் வரும்.

"மண்ணு கீழ இழுக்க இழுக்க அது மேல போகும்ணே. என்னை மாதிரிப் பிடிவாதம்" என்று சிரித்தாள்.

அவர் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். ஓடிப்போய்ப் பெட்டிகளை முன்போலச் சாய்த்து வைத்தார். சரியாகிவிடும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

சரியாகவில்லை. கொஞ்ச நேரத்திலேயே அவள் அரைத்து அளந்தபோது இரண்டு பாதியும் ஒரே அளவு காட்டின. தான் நினைத்ததே தப்பு என்று அவள் முடிவுகட்டி, மிச்ச விதையை வேறு குழுவுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். அப்போதும் அவர் வாய் திறக்கவில்லை. ஒப்பந்த வேலை, சீட்டைக் கிழிக்க ஒரு வார்த்தை போதும். வீட்டில் சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருந்தவரை, யார் சொத்தை முழுங்கிவிட்டு வந்தீர்கள் என்று மனைவி கேலி செய்தாள்.

மாதக் கடைசியில் அந்தப் பெண் மேசையைக் காலி செய்தாள். செடிகொடி எதுவும் இல்லாத வேறு வேலையாம். வாசல்வரை போனவளை அவர் கூப்பிட்டார்.

"அந்தப் பொட்டிங்கள நான்தான்மா நிமித்தி வச்சேன். விழுந்து கெடக்குன்னு நெனச்சுட்டேன். அப்புறம் திரும்பச் சாய்ச்சு வச்சேன்."

அவள் திரும்பி வந்தாள். "எத்தனை மணி நேரம் நிமிந்து நின்னுச்சு?"

"மூணு."

உதடு அசைய ஏதோ கணக்குப் பார்த்தாள். பிறகு பையைத் தரையில் வைத்தாள்.

"அப்போ நான் நெனச்சது தப்பில்லாமக்கூட இருக்கலாம். அன்னைக்கே சொல்லியிருந்தா இன்னொரு தடவைக்கு விதை இருந்துச்சேண்ணே" என்றாள். குரல் உயரவில்லை.

திட்டுவாள் என்று அவர் காத்து நின்றார். அவள் திட்டவில்லை.