பெட்டிக்குப் போட்ட பலகை

எவ்லினுக்குத் தேர்தல் என்றாலே எரிச்சல். கொழும்பு கொட்டாஞ்சேனையில் அவள் இருக்கும் குறுகிய ஒழுங்கைக்கு, முனையிலுள்ள மாநகர சபை மண்டபம்தான் வாக்குச்சாவடி. வாசல் முழுக்கப் படி. இடுப்புக்குக் கீழே அசைவில்லாத எவ்லினைப் போன முறை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். பாவாடை முழங்காலுக்கு மேலே ஏறியதை ஒருவனும் இழுத்துவிடவில்லை. பார்க்க மட்டும் எல்லாரும் பார்த்தார்கள். உள்ளே வாக்குப் போடும் மேசை அவள் கண் உயரத்துக்கு நின்றது. தூக்கியவர்களில் ஒருவன் காதருகே குனிந்து, "இதில போடுங்க ஆன்ட்டி" என்று விரல் வைத்துக் காட்டினான். கூச்சத்தில் அவளும் சீட்டில் அதற்கு நேரே புள்ளடி போட்டுவிட்டாள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அது யாருடைய வாக்கென்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது.

அதனால் இந்த முறை வாக்குக் கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பதென்று இருந்தாள். அந்தப் படிக்குப் பக்கத்தில் சாய்வாக ஒரு பாதை போட்டுத் தருவீர்களா? தன் நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு போய், தன் வாக்கைத் தானே போட வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

முதல் வேட்பாளர் மேளம் அடித்துக்கொண்டு வந்தார். கேள்வியைக் கேட்டதும் மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஆன்ட்டி, இனி ஒண்டுக்கும் யோசிக்க வேணாம். நாங்க இருக்கிறம்."

மறுநாள் ரிப்பன் கட்டிய புத்தம் புதுச் சக்கர நாற்காலி வந்து இறங்கியது, படம் பிடிக்கிற ஆளோடு.

"நான் நாற்காலியா கேட்டனான்?" என்று தங்கை டோரினைக் கேட்டாள் எவ்லின்.

"இல்லயே அக்கா. சாய்வாப் பாதைதானே கேட்டீங்க."

"பிறகு என்ன மண்ணாங்கட்டிக்கு இது?"

"சிரிங்க அக்கா, படம் எடுக்கிறாங்க."

அடுத்த கட்சியில் நின்றது நன்றாகப் படித்த ஒரு பெண். எவ்லின் சொல்லைப் பொறுக்கிப் பொறுக்கிக் கதைத்தாள். "நாற்காலி வேணாம் மிஸ். என்னட்ட இருக்கு. பாதைதான் வேணும்." அந்தப் பெண் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள், போனில் குறித்துக்கொண்டாள், மாற்றுத்திறனாளிகளின் உரிமைதான் தங்கள் முதல் கொள்கை என்றாள். இரண்டு நாள் கழித்து இன்னொரு நாற்காலி வந்தது. இதற்கு மெத்தை வேறு. "அவங்க தந்ததவிட இது நல்லது, ஆன்ட்டி" என்றான் கொண்டுவந்தவன்.

கடவுளே! எவ்லினுக்குத் தலை சுற்றியது. தன் வாயிலிருந்து வருவது ஒன்று, ஆட்கள் காதில் விழுவது இன்னொன்றா? மூன்றாவது ஆள் வந்தபோது தமிழில் ஒரு தரம், சிங்களத்தில் ஒரு தரம் கேட்டுப் பார்த்தாள். அவர் வாசலில் நின்ற புது நாற்காலிகளைப் பார்த்தார்.

"ஏற்கெனவே ரெண்டு வாங்கிட்டீங்களே. இன்னும் என்ன கேக்கிறீங்க?"

எவ்லினுக்கு ஆசை கூடிப்போய்விட்டதென்று ஒழுங்கையிலும் கதை பரவிற்று. தான் கேட்டதுதான் பிழையோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

கடைசிக் கூட்டம் மண்டபத்துக்கு முன்னால். நாற்காலியை முதலில் அனுப்பினாரே, அவருடைய கூட்டம். எவ்லின் ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தாள். கொம்பனித்தெரு நபீஸ், ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர், மேடைக்குச் சாய்வாக ஒரு அகலப் பலகையைப் போட்டு, ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டியை அதில் உருட்டி ஏற்றினார். பெட்டி அலுங்காமல் குலுங்காமல் போய் மேலே நின்றது.

"ஒரு பெட்டிக்குப் போடத் தெரியுது!" என்று எவ்லின் கத்தியேவிட்டாள்.

கூட்டம் தொடங்கியதும் தன் பழைய நாற்காலியிலேயே போய், பலகையில் உருட்டி மேடைக்கு ஏறினாள். பிடிக்க வந்த டோரினைக் கிட்ட விடவில்லை. நாற்காலி வாங்கிய ஆன்ட்டி நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று வேட்பாளர் மைக்கைக் கையில் கொடுத்தார்.

"பெட்டி ஏறப் பலகை போட்டீங்க. வாக்குப் போடுற அண்டைக்கு அந்தப் படியில எனக்கும் ஒண்டு போடுவீங்களா? ஓமா, இல்லையா?"

வேட்பாளர் கையை உயர்த்தினார். "கேட்டீங்களா! இதுதான் மக்கள்ட குரல்!"

கைதட்டல், பட்டாசு. ஓமும் வரவில்லை, இல்லையும் வரவில்லை. கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் எவ்லின் இறங்கினாள்.

மேடையைக் கழற்றும்போது நபீஸ் வந்தார். "பலகை என்ட சொந்தம், அக்கா. அவங்கள்ட ஏன் கேக்கிறீங்க? நான் கொண்டாந்து போடுறன்."

மனைவி ஷபீகா களுபோவில ஆஸ்பத்திரியில் காலில் ஒப்பரேஷன் செய்து கிடப்பதாகவும், வீட்டுக்குக் கூட்டிவர ஒரு நாற்காலி தேடித் திரிவதாகவும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

"ஐயோ, ரெண்டு சும்மா நிக்குது!" என்றாள் எவ்லின். "ரெண்டையும் கொண்டு போங்க. அந்த வார்டில இன்னொரு ஆளுக்கும் தேவைப்படும்."

வாக்களிப்பு நாளன்று படியில் பலகை கிடந்தது. காவலுக்கு நின்ற பொலிஸ்காரர் அதைப் புரட்டி, அடியில் கட்சி நிறம் ஏதும் பூசியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டார். தூக்க ஓடிவந்த பையன்களை, "தொடாதீங்க!" என்று எவ்லின் அதட்டினாள். மூச்சு வாங்க, கை நோக, உருட்டி உருட்டி உள்ளே போனாள். மேசை எட்டாதென்று வீட்டிலிருந்து கொண்டுவந்த, தையலுக்குத் துணி வெட்டுகிற பலகையை மடியில் வைத்து அதன் மேல் வாக்குச்சீட்டை விரித்தாள்.

காதருகே ஒருவரும் இல்லை. இதற்குத்தானே இவ்வளவு பாடு!

யாருக்குப் போடுவது? கண் கலங்கினவருக்கா? குறித்துக்கொண்டவளுக்கா? ஒருவராவது ஓம் என்று சொன்னார்களா? சின்னங்களை மேலிருந்து கீழே பார்த்தாள், கீழிருந்து மேலே பார்த்தாள். ஒன்றும் ஓடவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது, சிரிப்பும் வந்தது.

"அம்மா, முடிஞ்சுதா? உதவிக்கு ஆளை அனுப்பவா?" என்றார் வெளியே நின்ற அதிகாரி.

"வேணாம் மகன், இருங்க" என்றாள் எவ்லின். "எனக்குச் சரியான குழப்பமா இருக்கு. அவசரமில்லாம, கொஞ்சம் ஆறுதலாக் குழம்பிட்டுப் போடுறன்."