ஒரு வாய்த் தண்ணீர்

அருகேனி அக்கா பாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு கீழ்க்குடிசைக்கு இறங்கி வந்தபோது, யாருக்கோ பிள்ளைப்பேறு, உதவிக்கு வருகிறாள் என்றுதான் நினைத்தோம். தூரமான நாட்களில் நாங்கள் ஒதுங்கும் குடிசை அது. அக்காவுக்கு நின்றுபோய் இரண்டு மழைக்காலம் ஆகியிருந்தது. எனக்கு நிற்காத காலம். அவள் என் புருஷனின் அண்ணன் மனைவி.

"எனக்கு மறுபடியும் வந்துட்டுது," என்றாள்.

லேபோ என்ற சின்னவள் சிரித்தாள். "மச்சானுக்குச் சேதி அனுப்பட்டுமாக்கா, இன்னொரு தடவை அப்பா ஆகலாம்னு?"

"போடி. அந்தக் கிழவனுக்குப் பன்னியைத் துரத்தவே மூச்சு வாங்குது."

சொல்லும்போதே இடுப்பைப் பிடித்துக்கொண்டு மடங்கி உட்கார்ந்துவிட்டாள். நெற்றியெல்லாம் வேர்வை.

சொல்ல எனக்கென்ன கூச்சம், கண்ணுகளா. எங்கள் மலையில் பெண்ணின் ரத்தமும் சிறுநீரும் வீடுகள் இருக்கும் மேல்முற்றத்திலோ ஓர் ஆணின் தலைக்கு மேலோ ஒரு சொட்டு விழக் கூடாது. விழுந்தால் மூதாதையரின் கோபம் வீட்டுக் குழந்தையைத்தான் முதலில் பிடிக்கும். பன்றி வெட்டித்தான் தீர்க்க வேண்டும். அதனால் நாங்கள் தாகத்தோடு பழகியவர்கள். குடித்தால் சரிவு முழுக்க இறங்க வேண்டுமே. நின்றுபோன பிறகு அக்காவுக்கு உடம்பு அடிக்கடி திகுதிகுவென்று எரியும். கிழங்குத் தோட்டத்தில் வேர்த்து ஊற்றும். மூங்கில் குழாயில் தண்ணீரை நீட்டினால் உதட்டை நனைத்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவாள்.

தூரத்துக்குத் துணியாக அவள் வைத்திருந்த பாசி காய்ந்தே கிடந்தது. சிறுநீர் கழிக்கக் குந்தி எழுந்த இடத்தில்தான் மண் சிவந்திருந்தது. கடற்கரையில் வாழ்க்கைப்பட்ட என் தங்கைக்கும் இப்படித்தான் போயிற்று. "மாசாமாசம் வர்றது நின்ன பிறகு பொம்பளைங்களுக்கு மூத்திரக் கல்லு வர்றது கூடுது, தண்ணியில்லாம காயாதீங்க" என்று அங்கே நர்ஸ் சொல்லியிருந்தாள்.

"அக்கா, இது அந்த ரத்தம் இல்ல. கல்லு."

"தெரியும்டி. அந்த ரத்தம்னே இருக்கட்டும்."

கல்லென்றால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும், அங்கே ஆணும் பெண்ணும் ஒரே கூரைக்குள். அங்கே படுத்தவள் தீட்டுக் கழிக்காமல் மேலே ஏற முடியாது. அதற்கு வேண்டிய பன்றிகளெல்லாம் மாமியாரின் சாவுச் சடங்கோடு போய்விட்டன.

"போன மழையில பேரன் காய்ச்சல்ல கெடந்தானே, பாத்தல்ல?" என்றாள். "அந்தத் தீட்டோட வந்து நான் அவனைத் தூக்கவா?"

மறுநாள் காய்ச்சல் ஏறியது. அக்காவுக்கு ஒரு சொட்டுச் சிறுநீரும் இறங்கவில்லை. நான் தாண்டக் கூடாத மேல்முற்றத்து எல்லைக்கல் வரை ஏறிப் போய்க் கூப்பிட்டேன். அவள் புருஷன் தியோலோ மச்சான் அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"மச்சான், அது தூரம் இல்ல, கல்லு. இங்கயே கெடந்தா செத்துருவா."

"கொண்டு போனா?"

"பொழைக்கலாம்."

"பொழைச்சு எங்க இருப்பா?"

கேட்டவர் தோளில் கிடந்த கோடரியை எடுத்து எல்லைக்கல்லைத் தாண்டி என் காலடியில் போட்டார்.

"கம்பு வெட்டிக்குங்க."

அவருடைய அப்பாவின் கோடரி அது. தீட்டுப் பக்கம் விழுந்துவிட்டதால் இனி அவர் அதைத் தொட முடியாது.

பெண்களே கம்பில் கட்டித் தூக்கினோம். வளைவில் அக்கா நிறுத்தச் சொன்னாள். மேலே அவள் வீட்டுக் கூரையில் புகை கறுப்பாய் எழுந்தது.

"கிழவன் ஈர வெறகை வச்சிருக்கான் பாரு," என்றாள்.

ஆஸ்பத்திரியில் மாடியில் கட்டில் கிடைத்தது. நர்ஸ் ஊசி போட்டுவிட்டு, நிரம்பிய தம்ளரை அவள் கையில் வைத்தாள். "மெதுவா முழுசும் குடிங்கம்மா."

அக்காவின் உதடு வெடித்திருந்தது. அவள் தம்ளரைப் பார்க்கவில்லை. கட்டிலுக்கடியில் தரையைப் பார்த்தாள். பலகை இடுக்குகளில் கீழிருந்து வெளிச்சம் வந்தது.

"கீழ யாரு படுத்திருக்கா?"

"ஆம்பளைங்க வார்டும்மா."

ஒரு வாய் வாங்கினாள். நான் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கன்னம் உப்பியிருந்தது. தொண்டை அசையவில்லை. கீழே யாரோ ஒரு கிழவர் இருமிவிட்டுப் புரண்டு படுத்தார்.